தலைமை மூக்கும் முழுக்கைச் சட்டையும்

வாழ்க்கையில் ஒரே ஒரு காரியத்தையாவது மனைவியிடம் யோசனை கேட்காமல் செய்து முடிப்பது என்று தீர்மானித்தேன். ஆண்பிள்ளைத் தீர்மானம். உடனே அவளிடம் போய்ச் சொல்லி, சம்மதமும் வாங்கிவிட்டேன்.

"தாராளமா செய்யுங்க," என்றாள். அவளுக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் வேலை. வலியோடு வருகிறவர்களிடம் பேசிப் பேசிப் பழகிய குரல். "என்ன காரியம்?"

"அதைச் சொன்னா நீ யோசனை சொல்லிடுவே."

"சொல்லலைன்னா எந்தக் காரியத்துல யோசனை சொல்லக் கூடாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நியாயமாகத்தான் பட்டது. சொல்லிவிட்டேன்.

நான் சென்ட் தயாரிக்கிற கம்பெனியில் மூக்கு. தப்பாக நினைக்க வேண்டாம், அதுதான் என் உத்தியோகம். கலவைக்காரர் கலப்பார். நான் மோந்து பார்த்து, "ரோஜா தூக்கல்", "எலுமிச்சை எரியுது" என்று தீர்ப்புச் சொல்வேன். சோப்பு, ஷாம்பு, தரை துடைக்கிற தண்ணீர் எல்லாவற்றுக்கும் வாசனை எங்களுடையதுதான். "மூக்கைக் கூப்பிடு" என்பார் முதலாளி. மூக்கு போகும். பின்னாலேயே உடம்பும் போகும்.

அன்றைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார்.

"ஒரு சென்ட் வேணும்யா. அடிச்சா மேக்கப் போட்ட மாதிரி இருக்கணும்."

"முகத்துக்கா, முதலாளி?"

"மூக்குக்கு! லிப்ஸ்டிக், பவுடர் எல்லாம் போட்டுக்கிட்டு ஒரு பொண்ணு கண்ணாடி முன்னாலேர்ந்து எழுந்திரிச்சு வந்தா ஒரு வாசனை வருமே, அது. என் பொண்ணையே பாரு. காலையில மேக்கப் போட நேரமில்லாம பாதித் தலையை வாரிக்கிட்டு பஸ்ஸுக்கு ஓடுறா. அந்த மாதிரி ஓடுற பொண்ணுங்களுக்கெல்லாம் ஒரு சென்ட். விசேஷத்துக்கு எடுத்து வைக்கிறது இல்லை. காய்கறி வாங்கப் போனாலும் அடிச்சுக்கலாம்னு தோணணும். விலையைக் கேட்டா மயக்கம் வரக் கூடாது."

"செஞ்சிடலாம், முதலாளி."

"செஞ்சு முடிச்சா நீதான் தலைமை மூக்கு. தனி ரூம். கதவோட."

கதவு! அந்த நேரத்தில் நான் உட்கார்ந்திருந்தது கலவைக்காரரின் தும்மலுக்கும் கழிவறைக்கும் நடுவில். மூக்கை வைத்துப் பிழைக்கிறவன் உட்காருகிற இடமா அது?

இதையெல்லாம் கேட்டுவிட்டு மனைவி சொன்னாள்: "லிப்ஸ்டிக் வாசனைதானே? என் கண்ணாடி மேஜை மேல எல்லாம் இருக்கு. ஒரு தடவை மோந்து பாத்துட்டுப் போங்களேன்."

"பாத்தியா? இதான் யோசனை! இதைத்தான் வேண்டாங்கறேன்."

"சரி, சொல்லலை. ஆனா அடுப்புல பால் தீயறது தெரியாத மூக்கு அது. ஞாபகம் வச்சுக்குங்க."

"அது வீட்டு மூக்கு. இது ஆபீஸ் மூக்கு."

"ஓ, ரெண்டு இருக்கா? நான் ஒண்ணைத்தான் பாத்திருக்கேன். அதுவே ரெண்டு பேருக்கு ஆகும்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என் மூக்குக்கு மேல் வருவதென்றால் மற்றவர்களுக்கு வருவதைவிடக் கொஞ்சம் உயரமாகவே வரும். பந்தயம் கட்டினேன்.

பணப் பந்தயம் இல்லை. அதைவிடப் பெரிது. காலை டீ.

கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்கள் வீட்டில் தீராத வழக்கு இது. விடிந்ததும் இருவரும் விழித்துக்கொள்வோம். இருவரும் தூங்குகிற மாதிரியே கிடப்போம். யார் முதலில் கொட்டாவி விடுகிறாரோ அவர் விழித்துவிட்டார் என்று அர்த்தம், அவர்தான் எழுந்துபோய் டீ போட வேண்டும். கொட்டாவியை அடக்கி அடக்கி எனக்கு ஒரு பக்கக் காது பாதி அடைத்துவிட்டது.

"உன் உதவி இல்லாம ஜெயிச்சுட்டேன்னா?"

"ஆயுசுக்கும் காலை டீ நான் போடறேன்."

"உதவின்னு உன்கிட்ட வந்து நின்னா?"

"ஆயுசுக்கும் நீங்க போடறீங்க."

சாட்சிக்கு எதிர்வீட்டு அண்ணனைக் கூப்பிட்டோம். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பக்கத்து சீட்டிலேயே ஆயுளைக் கழித்தவர். யார் எதைப் பேச ஆரம்பித்தாலும் அவருடைய வலது கால் தரையில் பிரேக்கைத் தேடும்.

"சார், தங்கச்சிகிட்டயா பந்தயம்? யோசிச்சுப் பேசுங்க," என்றார். கால் நன்றாக அழுந்தியது.

"யோசிச்சாச்சு, அண்ணே. சட்டத்தைச் சொல்றேன், கேட்டுக்குங்க. நான் இவ மேஜை பக்கம் போக மாட்டேன். இவ யோசனை சொல்லக் கூடாது. இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"எடுக்க மாட்டேன்," என்றாள் மனைவி.

"ஒரு வார்த்தைகூட."

"ஒரு வார்த்தைகூட."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாளே என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கு உறைக்கவில்லை. கதவுக்கு என்ன நிறம் அடிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதல் கலவை வந்தது. மோந்தேன். புது ரப்பர் பொம்மையின் வாசனை. இரண்டாவது, சவரக் கடை. அடுத்தது, பெயிண்ட் காயாத வீடு. கலவைக்காரர் நல்ல மனிதர், யாருடைய மனதும் நோகப் பேசத் தெரியாதவர். அவரே காகிதக் கீற்றை ஒரு தடவை மோந்துவிட்டுச் சொன்னார்: "லிப்ஸ்டிக் இருக்குங்க. ஆனா உதட்டுல இல்லை. கதவுக்கு அடிச்ச மாதிரி இருக்கு."

இந்த இடத்தில் எங்கள் தொழிலின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மெல்லிய காகிதக் கீற்றைக் கலவையில் தோய்த்துத்தான் மோந்து பார்ப்போம். மோந்து மோந்து மூக்கு மரத்துப்போகும். மரத்த மூக்கைத் தெளிய வைக்க மருந்து எதுவும் கிடையாது. கையை மடக்கி, நம்முடைய சட்டையின் முழங்கை மடிப்பில் மூக்கைப் புதைத்து ஒரு இழுப்பு. அவரவர் சட்டை அவரவருக்கு மணக்காது அல்லவா? கரும்பலகையைத் துடைத்த மாதிரி மூக்கு வெறுமையாகிவிடும். கீற்று, முழங்கை. கீற்று, முழங்கை. நாள் முழுக்க இதுதான் வேலை. இதற்காகவே எந்த வெயிலிலும் நான் முழுக்கைச் சட்டைதான் போடுவேன்.

பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சாப்பாட்டை மோந்து, முழங்கையை மோந்து, மறுபடி சாப்பாட்டை மோந்த பிறகுதான் வாயில் வைப்பேன். புது மாப்பிள்ளையாக மாமியார் வீட்டுக்குப் போன அன்றும் அப்படியே செய்தேன். சோற்றில் நான் எதையோ சந்தேகப்படுவதாக நினைத்து மாமியார் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாராம்.

சரி, பந்தயத்துக்கு வருகிறேன். தினமும் சாயங்காலம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அதில் மூக்கும் இருப்பதால் தொங்கல் கொஞ்சம் அதிகமாகவே தெரியும். மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சாப்பிடறீங்களா?" என்பாள், அவ்வளவுதான். சொன்ன சொல் தவறாதவள்.

ஒருநாள் என் சட்டைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"என்ன பண்றே?"

"இஸ்திரிக் கடையில பட்டனை உடைச்சு உடைச்சு அனுப்பறாங்க. இனிமே நானே போட்டுத் தரேன்."

"உனக்கு எதுக்கு சிரமம்?"

"ஒரு சிரமமும் இல்லை. என் மேஜை உயரம் இஸ்திரிக்குத் தோதா இருக்கு."

கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு நெஞ்சு விம்மியது. புருஷனின் வைராக்கியத்தைப் பார்த்து ஆடிப்போய்விட்டாள், பாவம். வரப்போகிற தலைமை மூக்குக்கு இப்போதே பணிவிடையை ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்தேன். எதிர்வீட்டு அண்ணனிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன். அவர் பிரேக்கை விட்டுக் காலை எடுக்கவே இல்லை.

அந்த வாரத்திலிருந்து என் மூக்குக்கு ஒரு தனிக் கூர்மை வந்தது. கலவைக்காரரே அசந்துபோனார். முன்பெல்லாம் நான், "சரியில்லை" என்பேன். எது சரியில்லை என்று கேட்டால் விழிப்பேன். இப்போது கீற்றை மோந்து, முழங்கையை மோந்து, கண்ணை மூடிக்கொண்டு உத்தரவு போட்டேன்.

"பவுடர் பத்தலை."

"ஏத்தறேங்க."

"ரோஜாவை இறக்குங்க. மெழுகு வாசனை கொஞ்சம் வரட்டும்."

"வந்துடுச்சுங்க."

"இன்னும் கொஞ்சம் மெத்துனு இருக்கணும். பஞ்சு மாதிரி."

"எப்படிங்க இவ்வளவு துல்லியமா..."

"தொழில்," என்றேன்.

அந்த நாளும் வந்தது. கீற்றை மோந்தேன். முழங்கையை மோந்தேன். மறுபடி கீற்று. எந்த இடறலும் இல்லை. இதிலிருந்து அதற்குப் போவது, ஒரே வீட்டில் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போவது மாதிரி இருந்தது. நான் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினேன். "இதுதான்! இதேதான்!"

கலவைக்காரர் என்னை ஆமோதித்துத் தும்மினார்.

முதலாளி தன் மகளை வரவழைத்தார். பாதி வாரிய தலை, கையில் சாப்பாட்டுப் பை, வேலைக்குப் போகிற அவசரம். கழுத்தில் இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டதும் முதுகு நிமிர்ந்தது. போனை எடுத்து அதில் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா, நான் லிப்ஸ்டிக் போட்டிருக்கேனா?"

"இல்லையேம்மா."

"போட்டிருக்கிற மாதிரியே இருக்குப்பா!" என்று சொல்லிப் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். போகிறபோது ஓடவில்லை. நடந்து போனாள். முதலாளி மூக்கின் மேல் விரல் வைத்தார், தன் மூக்கின் மேல்தான்.

தனி ரூம் கிடைத்தது. கதவும் கிடைத்தது. முதல் நாள் அதைத் திறப்பதும் சாத்துவதுமாகவே எனக்கு வேலை சரியாக இருந்தது. சென்ட்டும் கடைகளுக்குப் போனது. வந்த வேகத்தில் தீர்ந்தது. பஸ்ஸில் ஏறினால் முன் சீட்டில் என் சென்ட், பின் சீட்டில் என் சென்ட். இறங்க மனசே வராமல் ஒரு தடவை கடைசி நிறுத்தம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினேன்.

வீட்டில்? ரூம் கிடைத்த மறுநாள் விடிந்ததும், கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக, கூச்சமே இல்லாமல் ஒரு கொட்டாவி விட்டேன். கூரை அதிர்ந்தது. அடைத்த காது திறந்தது. எதிர்வீட்டு அண்ணன் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். மனைவி எழுந்துபோய் டீ போட்டுக் கொண்டுவந்தாள். படுக்கையில் சாய்ந்துகொண்டு குடித்தேன். ராஜாக்களுக்குக்கூட அப்படி ஒரு டீ கிடைத்திருக்காது.

"தோத்ததுல வருத்தமா?" என்று கேட்டேன். ஜெயித்தவன் விசாரிப்பதுதான் மரியாதை.

"வருத்தம் எதுக்கு? நீங்க ஜெயிச்சதுல எனக்கும் சந்தோஷந்தான். ஒண்ணே ஒண்ணு. காலையில டீ போட்டுட்டு டியூட்டிக்கு ஓடணும். இஸ்திரிக்கு நேரமில்லை. சட்டையெல்லாம் பழையபடி கடைக்கே அனுப்பிடட்டுமா?"

"தாராளமா அனுப்பு," என்றேன். பெருந்தன்மை என்று ஒன்று வேண்டாமா?

அந்தப் பெருந்தன்மைதான் என்னைக் கவிழ்த்தது.

எங்கள் தொழிலில் சரக்கு ஒவ்வொரு டின்னிலும் கொஞ்சம் மாறும். அளவை எப்படிக் குறித்து வைத்தாலும் கடைசியில் மூக்குதான் தராசு. அடுத்த பெரிய கலவை தயாரானது. கலவைக்காரர் கீற்றை நீட்டினார். மோந்தேன். கடையிலிருந்து வந்த புதுச் சலவைச் சட்டையின் முழங்கையை மோந்தேன். மறுபடி கீற்றை மோந்தேன். தூக்கிவாரிப் போட்டது.

"என்னங்க இது, பவுடர் டப்பாவுக்குள்ள விழுந்த மாதிரி! குறைங்க!"

"போன தடவையும் இதே அளவுதாங்க."

"யாரு தலைமை மூக்கு?"

குறைத்தார். "மெழுகு எதுக்கு இவ்வளவு?" அதையும் குறைத்தார். குறைத்துக் குறைத்து, கடைசியில் கீற்றும் முழங்கையும் ஒன்றுபோல் ஆனதும் கையெழுத்துப் போட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சின்னத் தூக்கம்கூடப் போட்டேன்.

முதலாளியின் மகள் முதல் பாட்டிலை எப்போதோ தீர்த்துவிட்டிருந்தாள். புதியதை அடித்துப் பார்த்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"அப்பா, இது துணி துவைச்ச தண்ணி வாசனை."

முதலாளி என் அறைக்கு வந்தார். கதவைத் தட்டவில்லை. "ஏன்யா, மூக்கை வீட்ல வச்சுட்டு வந்துட்டியா? நாளைக்குள்ள பழைய வாசனை வரணும். வரலைன்னா இந்தக் கதவைக் கழட்டி எடுத்துட்டுப் போயிடுவேன்."

சொல்லிவிட்டு அந்தக் கதவையே ஓங்கிச் சாத்திவிட்டுப் போனார். ஊரறிய ஜெயித்தவன் ஒரு கலவையில் மூக்குடைபட்டு நின்றேன். அழுகை வந்தது. உண்மையாகவே வந்தது.

சாயங்காலம் அந்தக் கெட்டுப்போன கீற்றோடு வீடு திரும்பினேன். மனைவி இன்னும் வரவில்லை. போட்டிருந்த சட்டையைக் கழற்றிவிட்டு அலமாரியில் வேறு சட்டை தேடினேன். பட்டன் போய்விட்டதால் போடாமலே வைத்திருந்த ஒன்று கடைசியில் தொங்கியது. மனைவி இஸ்திரி போட்ட சட்டை. மாட்டிக்கொண்டேன். பழக்கதோஷம், கையிலிருந்த கீற்றை மோந்தேன். கையை மடக்கி முழங்கையை மோந்தேன்.

அங்கே என் சென்ட் இருந்தது.

லிப்ஸ்டிக், பவுடர், மெழுகு, பஞ்சு, அத்தனையும் சொட்டுக்கூடக் குறையாமல் முழங்கை மடிப்புக்குள் இருந்தது. மடிப்பைப் பிரித்துப் பார்த்தேன். உள்பக்கம் வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு தடம். நான் அலமாரிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன்.

மனைவி வந்தாள். அலமாரிக்குள் புருஷனைப் பார்த்தும் பதறவில்லை. பையை ஆணியில் மாட்டினாள்.

"கண்டுபிடிச்சுட்டீங்களா? இன்னிக்கு இருக்கும்னுதான் நெனச்சேன்."

"நீ... சட்டையில..."

"இஸ்திரி போட்டேன். போட்டுட்டு என் பவுடர் பஃப்பால முழங்கையில ஒரு தட்டு. லிப்ஸ்டிக் துடைக்கிற பஞ்சால உள்பக்கம் ஒரு ஒத்து. அவ்வளவுதான்."

"பந்தயத்தை மீறிட்டே!"

"எங்க மீறினேன்? யோசனை சொன்னேனா?"

"இல்லை."

"அந்தப் பேச்சை எடுத்தேனா?"

"இல்லை."

"என் மேஜை பக்கம் நீங்க வந்தீங்களா?"

"வரலை."

"ஆமா, மேஜைதான் உங்ககிட்ட வந்துச்சு. அதுக்குச் சட்டம் போடலையே நீங்க."

"எனக்கு எப்படித் தெரியாம போச்சு? நான் மூக்குடி!"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்த வாசனையிலேயே கெடக்கறீங்க. வெறும் சட்டைக்கும் என் பவுடருக்கும் உங்களுக்கு வித்தியாசம் தெரியுமா? அதான் முழங்கையைப் பாத்துப் பாத்துக் கலக்கிட்டு, நீங்களே கண்டுபிடிச்சதா நாற்காலி மேல ஏறிட்டீங்க."

நாற்காலி விஷயம் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்பதற்கு வேறு இருந்தது.

"எதுக்கு இப்படிப் பண்ணினே?"

என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "தினமும் தோத்த மூஞ்சியோட வந்து நின்னீங்க. என்னால பாக்க முடியலை. நீங்க ஜெயிக்கணும்னு எனக்கு ஆசை. அதோட, நான் காலையில அரை மணி கண்ணாடி முன்னாடி நின்னு வர வைக்கிற வாசனை, ஓடுற பொண்ணுங்க எல்லாருக்கும் கிடைக்கட்டுமேன்னு தோணுச்சு."

எவ்வளவு நல்லவள்! அலமாரிக்குள்ளிருந்தே அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நாளைக்கு அந்தக் கலவையைச் சரி பண்ணணும்மா. பண்ணலைன்னா கதவு போயிடும். ஒரே ஒரு சட்டை மட்டும் இஸ்திரி போட்டுக் குடேன். உன் உதவி இல்லாம என்னால..."

சொல்லி முடிப்பதற்குள் அவள் வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்: "அண்ணே! கேட்டுச்சா?"

"கேட்டுச்சு, தங்கச்சி!" என்று வாசலில் எதிர்வீட்டு அண்ணன். அவர் கால் முதல் தடவையாக ஆக்சிலரேட்டரில் இருந்தது. வரும்போதே அவரையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

மறுநாள் ஆபீசில் எல்லாம் பழையபடியே நடந்தது. புதிதாக இஸ்திரி போட்ட சட்டை, கீற்று, முழங்கை. "பவுடர் ஏத்துங்க. மெழுகு வரட்டும்." மதியத்துக்குள் பழைய வாசனை வந்துவிட்டது. முதலாளியின் மகள் போனில் முகத்தைப் பார்த்துக்கொண்டாள். முதலாளி என்னைக் கட்டிப்பிடித்தார். கலவைக்காரர் ஆனந்தத்தில் விடாமல் தும்மினார். கதவு என்னுடையதே. இன்றைக்கும் அந்தக் கம்பெனியின் ஒரே தலைமை மூக்கு நான்தான். அடுத்து கண் மை வாசனையில் ஒன்று கேட்கிறார் முதலாளி. செய்துவிடுவேன். சட்டை தயாராகிக்கொண்டிருக்கிறது.

இதோ, விடிந்துவிட்டது. பக்கத்தில் கூரை அதிர ஒரு கொட்டாவி. நான் எழுந்துபோய் டீ போட்டு இரண்டு கோப்பையில் ஊற்றினேன். ஒன்று அவளுக்கு, ஒன்று சாட்சிக்கு. பந்தயத்தில் சாட்சிக்கும் டீ உண்டு என்று எப்போது சேர்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

அவள் சாய்ந்து உட்கார்ந்து கோப்பையை வாங்கினாள். மோந்து பார்த்தாள். கையை மடக்கினாள். முழங்கை மடிப்பில் மூக்கை வைத்து ஒரு இழுப்பு. மறுபடி டீயை மோந்தாள்.

"பால் தீஞ்சிருக்கு. வேற போட்டுக் கொண்டாங்க."